வழியில் கிடைத்த உணவு



உணவில் அளவறிதல் என்னும் பாடத்தை, எவ்வளவு உண்பது என்பதோடு நாம் முடித்துவிடுகின்றோம். எத்தகைய மனத்தோடு உண்பது என்பதும் அப்பாடத்தில் அடங்கும். சென்ற மாதம் மாட்டுங்காவில் இதனை நாமே கற்க நேர்ந்தது.

தாராவியில் நடைபெறவிருந்த கூட்டத்திற்காக, இளம் உபாசகர் ஒருவருடன் மாட்டுங்கா நிலையத்தில் இறங்கினோம். நிலையத்தருகே 1942-இல் ராம நாயக் அவர்கள் தொடங்கிய உடுப்பி உணவு விடுதியில் உண்ண எண்ணினோம். வரிசை நீண்டிருந்தது, நேரமோ குறைவு. ஆதலின், பல ஊர்களில் கிளைகளுடைய வேறொரு விடுதிக்குள் நுழைந்தோம். தோசை துவண்டிருந்தது; சாம்பார் ஆறியிருந்தது; சட்னியில் தேங்காயைத் தேட வேண்டியிருந்தது. விலையில் மட்டும் குறைவில்லை. இளைஞர் பரிமாறிய பையனைக் கடிந்துகொண்டார். "சமைக்கிறது நான் இல்லீங்க ஐயா, எல்லாம் வண்டியில வருது" என்று அவன் தலைகுனிந்தான்.

குரலை உயர்த்தியவர் அவர். நாம் வாய் திறக்கவில்லை. எனினும் அதே சினம் நம் உள்ளத்திலும் இருந்தது. ஆலையில் பணிசெய்த நாளில் ஆறிய சோற்றைத் தறியோசைக்கு நடுவே மகிழ்ந்துண்ட நமக்கு, இச்சினம் எங்கிருந்து வந்தது? மூன்று செய்திகளைச் சிந்திப்போம்.

முதலாவது, காரணமின்றிக் காரியமில்லை. எல்லாக் கிளைகளிலும் ஒரே சுவை வேண்டுமெனில், ஓரிடத்தில் சமைத்துத் தொலைவுக்கு அனுப்பல் வேண்டும். எவர் நாவுக்கும் உறைக்காதவாறு காரத்தைக் குறைத்தல் வேண்டும். அவ்வுணவு ஒருவரையும் வருத்தாது. ஒருவரையும் மகிழ்விக்கவும் செய்யாது. பரிமாறும் பையன் இத்தொடரின் கடைசிக் கண்ணி. முதற் கண்ணியை நாம் காண்பதில்லை. ஆதலின் கடைசிக் கண்ணியின்மேல் பாய்கின்றோம்.

இரண்டாவது, பகவான் புத்தர் குசிநாரா செல்லும் வழியில், பாவா நகரில் கொல்லன் சுந்தன் அளித்த உணவை உண்டார், கடுநோயுற்றார். அந்நிலையிலும், சுந்தன் மனம் வருந்தலாகாது என்று ஆனந்தரிடம் சொல்லியனுப்ப விரும்பினார். உயிருக்கு இறுதியான உணவையே அவர் குறை கூறவில்லை. நாமோ ஆறிய சாம்பாருக்குச் சினந்தோம்.

மூன்றாவது, 1901-இல் சிறுவர் பீமராவ், கோரேகாவில் பணியாற்றிய தந்தையைக் காணச் சாத்தாராவிலிருந்து புறப்பட்டார். மசூர் நிலையத்தில் இறங்கி மாட்டுவண்டியில் சென்றார். உடன் வந்த சிறுவர்களிடம் உணவு நிறைய இருந்தது. மஹார் குலத்தவர் என்பதால் குடிக்க நீர் கிடைக்கவில்லை. அன்றிரவு உண்ணாமலே படுத்தனர். அச்சிறுவரே பின்னாளில் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவரானார். 1950-இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சாதியின் பேரால் எவரையும் உணவு விடுதியில் தடுக்கலாகாது என்கிறது. நாம் எவர் என்று கேளாமல் மேசையில் வைக்கப்பட்ட அத்தண்ணீர்க் குவளையை நாம் கவனிக்கவேயில்லை.

கெட்ட உணவையும் பொறுத்து உண்ணுங்கள் என்று நாம் சொல்லவில்லை. கெட்டுப்போனதாயின், பொறுப்பாளரிடம் தெளிவாகக் கூறுதல் கடமை. அடுத்து உண்பவரையும் அது காக்கும். சுவை குறைந்ததற்காக ஏழைப் பையனை இழிவாகப் பேசுதலே குற்றம். இழிசொல்லின் வலியை நம்மினும் நன்கறிந்தவர் யாவர்?

புறப்படுமுன் இளைஞர், "தம்பி, உன்மேல தப்பில்ல" என்றார். பையன் ஒன்றும் சொல்லாமல் மேசையைத் துடைத்தான்.

இனிப் பயணத்தில் இலையின்முன் அமரும்போது, தண்ணீரை முதலில் பாருங்கள், பரிமாறுபவர் முகத்தை அடுத்துப் பாருங்கள், அதன்பின் உண்ணுங்கள்.