பழைய வாகனங்களில் கிளச்சுக் கோளாறை அறியும் முறை

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, அரை நூற்றாண்டுக்கு முன் வந்த ஒஸ்ரின் கார்களும் லான்ட் றோவர்களும் இன்றும் ஓடுவதைக் காணலாம். வெங்காயமும் பீற்றூட்டும் ஏற்றிச் சுன்னாகம் சந்தைக்குச் செல்லும் வழியில் கியர் விழாது வண்டி நின்றுவிட்டால், கமக்காரருக்கு விளைபொருளாலும் நட்டம், கராஜ் செலவாலும் நட்டம். கிளச்சுக் கோளாறு என்றதும் எஞ்சினை இறக்க ஒப்புக்கொள்ளுதல் கூடாது. கோளாறு பல சமயங்களில் ஒரு சிறு றப்பர் வளையத்திலேயே இருக்கும்.

முதலில் தங்கள் வாகனத்தின் வகையை அறிதல் வேண்டும். மொறிஸ் மைனர் காரிலும் மசி பேர்குசன் 35 உழவு இயந்திரத்திலும் கிளச்சை இயக்குபவை கம்பிகளும் நெம்புகளுமே. ஒஸ்ரின் ஏ60 காரிலும், 1958 இல் வெளிவந்த இரண்டாம் தொடர் லான்ட் றோவரிலும் எண்ணெயே அவ்வேலையைச் செய்கிறது. மிதியை அழுத்தியதும் மேல் சிலிண்டரிலுள்ள எண்ணெய் குழாய் வழியே கீழ்ச் சிலிண்டருக்குச் சென்று, அங்குள்ள தள்ளுகோலை நகர்த்தும். கோல் நகர்ந்தாற்றான் கிளச்சு விடுபடும்.

மிதியை முற்றாக அழுத்தியும் றிவேர்ஸ் கியர் கரகரவென்று இரைந்தால் கிளச்சு சரிவர விடுபடவில்லை என்று கொள்க. (எஞ்சின் இரைந்தும் வண்டி வேகம் பெறாவிடின் அது வேறு நோய், தட்டுத் தேய்ந்திருக்கலாம், அல்லது அதில் எண்ணெய் பட்டிருக்கலாம்.) மிதியை இரண்டு மூன்று முறை விரைவாக அழுத்தியபின் கியர் இலகுவாக விழுமாயின், எண்ணெயிற் காற்றுப் புகுந்துள்ளது, அல்லது றப்பர் தேய்ந்துள்ளது. எங்கும் ஒழுக்கில்லாமல், அழுத்திய மிதி காலின்கீழ் மெல்ல மெல்லத் தாழ்ந்தால் மேல் சிலிண்டரின் உள் றப்பரையே ஐயுறுக. எண்ணெய் மட்டம் குறைந்துவந்தால் எங்கோ ஒழுகுகின்றது. மிதியின் பின்புறத்தையும் குழாய்ப் பொருத்துகளையும் தடவிப் பாருங்கள். கீழ்ச் சிலிண்டரின் றப்பர் உறையை விலக்கியும் பாருங்கள். உறைக்குள் ஈரமிருந்தால் அச்சிலிண்டரே குற்றவாளி.

எஞ்சினை இறக்குவதா என்பதைத் தீர்மானிக்கும் சோதனை இனி வருவது. எஞ்சினை நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஒருவர் மிதியை அழுத்த மற்றவர் தள்ளுகோலைக் கவனித்தல் வேண்டும். வண்டியின் கீழே செல்ல நேர்ந்தால் யாக்கை மட்டும் நம்புதல் ஆபத்தாகும். கோல் கைந்நூலிற் கூறிய அளவு நகர்ந்தும் கிளச்சு விடுபடாவிடின் கோளாறு உள்ளே உள்ளது. எஞ்சினையோ கியர்ப்பெட்டியையோ கழற்றத்தான் வேண்டும். கோல் குறைவாக நகர்ந்தால் அவற்றைத் தொடாதீர்கள். முதலிற் சிலிண்டர்களையும் குழாய்களையும் பாருங்கள்.

பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கடல் சூழ்ந்த நமது நாட்டிலே பழைய எண்ணெயால் சிலிண்டரின் உட்சுவர் துருவேறிக் குழிவிழும். குழிவிழுந்த சிலிண்டரிற் புதிய றப்பர் போடுவது வீண் செலவு. சில மாதங்களில் மீண்டும் ஒழுகும்.

1990 இல் தொடங்கிய எரிபொருட் தடையின்போது நம்மவர் மண்ணெண்ணெயிற் கார் ஓட்டிய திறமை யாவரும் அறிந்ததே. அத்திறமையை இவ்விடத்திற் காட்டுதல் ஆகாது. மண்ணெண்ணெயோ எஞ்சின் எண்ணெயோ பட்டால் இந்த றப்பர்கள் ஊதிக் கெட்டுப்போகும். பாகங்களைப் புதிய பிறேக் எண்ணெயிலேயே கழுவுக. அது வண்டியின் பெயின்ரில் சிந்தினால் உடனே தண்ணீர்விட்டுக் கழுவவேண்டும்.