சோம்பல் அல்ல, சுகவீனம்

நோய் கண்ட கோழியைக் கவனித்திருப்பீர்கள். இரை பொறுக்காது, மற்றக் கோழிகளோடு சேராது, இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு மூலையில் தூங்கி வழியும். அதைச் சோம்பேறி என்று யாரும் ஏசுவதில்லை. ஆனால் மாதக்கணக்காகப் பாயை விட்டு எழும்பாத மகனையும், அடுப்பு மூட்ட மனமில்லாத மனைவியையும் ஏசுகிறோம்.

அழற்சி என்றால் என்ன?

காலில் முள் ஏறினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, நோகும். இதுவே அழற்சி. கிருமியை எதிர்க்க உடல் செய்யும் வேலை இது. அப்போது சைற்றோகைன்கள் என்னும் பொருட்கள் குருதியில் பெருகி, மூளைக்கும் செய்தி அனுப்புகின்றன. பசியின்மை, களைப்பு, ஒதுங்கியிருத்தல் யாவும் இதனால் வருபவை. நோயுற்ற விலங்கு இவ்வாறு ஒடுங்கியிருப்பது உடலைக் காக்கும் ஓர் ஏற்பாடே என்று 1988 இல் அமெரிக்க மிருக வைத்தியர் பெஞ்சமின் ஹார்ட் விளக்கினார்.

மனச்சோர்வுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மனச்சோர்வு நோயாளரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, வெளியே தெரியாத சிறு அழற்சி இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஈரல் அழற்சிக்கு இன்ரபெரோன் ஊசி பெற்றவர்களில் பலர், முன்பு இல்லாத மனச்சோர்வுக்கு ஆளானார்கள். ஆகவே எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு, உமிக்குள் கனலும் நெருப்பைப் போல அழற்சி இருந்து வேலை செய்யும் தென்பைக் குறைக்கிறது. நித்திரையின்மையும் நீண்டகால மனஅழுத்தமும் அதைக் கூட்டக்கூடியவை. காணியையும் வீட்டையும் விட்டு வந்த எங்களுக்கு இவை இரண்டும் புதியவையல்ல.

நாம் செய்யக்கூடியவை

1. ஏசாதீர்கள். "இண்டைக்கு எப்படி இருக்குது?" என்று கேளுங்கள்.

2. வேலையைச் சிறிதாக்குங்கள். முழுத் தோட்டமும் வேண்டாம். இன்று இரண்டு பாத்திக்குத் தண்ணீர் போதும். இயலுமானால் நாளை மூன்று.

3. நாள்தோறும் சிறிது நடை, நேரத்துக்கு உணவு, நேரத்துக்கு நித்திரை.

4. நோவுக் குளிசைகளைத் தாமாக வாங்கி விழுங்க வேண்டாம். வயிற்றுப்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். 2013 இல் 60 மனச்சோர்வு நோயாளரிடம் அழற்சியைத் தணிக்கும் மருந்தொன்றைச் சோதித்தபோது, மொத்தத்தில் பயன் தெரியவில்லை. குருதியில் அழற்சி கூடியிருந்தவர்களிடமே முன்னேற்றம் காணப்பட்டது. வைத்தியர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம்.

5. சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். சாவைப்பற்றிப் பேசினால் அன்றே செல்லுங்கள், தனியே விடாதீர்கள், பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் உதவி கேட்கலாம்.

கூடிப் பேசுவதற்கு

எங்கள் அயலில் "சோம்பேறி" என்று பெயர் எடுத்தவர் யார்? அவர் முன்பும் அப்படித்தான் இருந்தாரா?