முக்கோணத்தில் தப்பில்லை, கழித்தல் குறியில்தான் தப்பு



எங்கள் வட்டாரத்துக் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இலவச டியூஷன் நடக்கிறது. பல்கலைக்கழகத்தில் லீவு கிடைக்கும்போதெல்லாம் நானும் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். போன மாதம் படிவம் 4 படிக்கும் ஒரு தம்பி, வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகும் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, கூடுதல் கணிதத்தை விட்டுடலாம்னு இருக்கேன். வடிவியல் எனக்கு வராதுண்ணே."

கையில் பள்ளியில் திருத்திக் கொடுத்த சோதனைத் தாள். நூற்றுக்கு 31. அச்சுத்தூர வடிவியல் பாடத்தைத் தொடங்கும் முன்னால், பழைய வடிவியல் எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று பார்க்க ஆசிரியர் வைத்த சோதனை அது.

தாளை வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஆச்சரியம். படங்கள் எல்லாம் ஒழுங்காக வரைந்திருந்தான். நேர்க்கோட்டில் இருக்கும் கோணங்கள் சேர்ந்து 180° என்று எழுதியிருந்தான். பைத்தாகரஸ் எங்கே போட வேண்டுமோ அங்கே போட்டிருந்தான். அதற்கு அடுத்த வரியில்தான் எல்லாம் கவிழ்ந்திருந்தது. ரெண்டு பேரும் மண்டபத் திண்ணையில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவை வைத்து எண்ணினோம். போன 69 மார்க்கில் 44 மார்க்கு, கழித்தல் குறி, அடைப்புக்குறி, வர்க்கம் மாதிரி விஷயங்களில் போயிருந்தது. வடிவியல் உண்மையிலேயே தெரியாமல் போனது 25 மார்க்குத்தான்.

எனக்கு அவன்மேல் கோபமே வரவில்லை. படிவம் 4-இல் நானும் இதே மாதிரி ஒரு தாளை அம்மாவுக்குத் தெரியாமல் பைக்குள் மடித்து வைத்தவன்தான். "எனக்கு வரைபடம்னாலே ஆகாது" என்று ஒரு வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்கு ஆகாதது வரைபடம் இல்லை, படிவம் 2-இல் சரியாகப் படிக்காமல் விட்ட இயற்கணிதம் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

படிவம் 4 கூடுதல் கணிதப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அச்சுத்தூர வடிவியல் ஏழாவது பாடம். அதற்கு முன்னால் இருக்கும் ஆறு பாடங்களும் ஏறக்குறைய முழுக்க இயற்கணிதம்தான். வரிசையை அப்படி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதனால் வடிவியலுக்குள் நுழையும் முன்னால் சில விஷயங்களைத் தட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. அந்தத் தம்பியோடு உட்கார்ந்து செய்ததையே இங்கே எழுதுகிறேன். தெரியாத எண்ணுக்கு 'க' என்று போடுகிறேன். உங்கள் நோட்டில் வழக்கம்போல எக்ஸ் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் அவன் தாளில் இருந்த கேள்வி. ஒரு நேர்க்கோட்டின்மேல் இரண்டு கோணங்கள். ஒன்று 3க − 20, இன்னொன்று 2க + 50. க எவ்வளவு? அவன் இப்படித் தொடங்கியிருந்தான்:

180 − (3க − 20) = 2க + 50

இதுவரைக்கும் சரி. வடிவியல் இங்கேயே முடிந்துவிட்டது. இனி இருப்பது வெறும் இயற்கணிதம். அடுத்த வரியில் 180 − 3க − 20 என்று எழுதியிருந்தான். அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் கழித்தல், உள்ளே இருக்கும் இரண்டையும் மாற்றும். −20 வெளியே வரும்போது +20 ஆக வேண்டும். அவன் முதல் எண்ணுக்கு மட்டும் மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிட்டான். அதனால் 160 − 3க = 2க + 50, க = 22.

இதில் இருக்கும் ஆபத்தைக் கவனியுங்கள். 22 பார்க்க அழகான முழு எண். பின்னம் வந்திருந்தால் "என்னமோ தப்பு" என்று சந்தேகம் வந்திருக்கும். முழு எண் வந்ததால் சந்தோஷமாகக் கோடு போட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். சரியான வழி:

180 − 3க + 20 = 2க + 50
200 − 3க = 2க + 50
150 = 5க
க = 30

இப்போது விடையைப் படத்துக்குள் திருப்பிப் போடுங்கள். 3 × 30 − 20 = 70. 2 × 30 + 50 = 110. கூட்டினால் 180. அவனுடைய 22-ஐப் போட்டால் 46, 94 வரும். கூட்டினால் 140தான். நேர்க்கோடு 140° ஆக இருக்க முடியுமா? இந்தச் சோதனைக்கு அரை நிமிஷம் போதும். வெறும் இயற்கணிதப் பாடத்தில் சமன்பாட்டுக்குள்தான் விடையைத் திருப்பிப் போட முடியும். வடிவியலில் கேள்விப் படமே நம் விடையைச் சோதித்துக் கொடுத்துவிடும். அந்த வசதியை முக்கால்வாசிப் பேர் பயன்படுத்துவதே இல்லை.

அடுத்தது வர்க்கம். என் வகுப்பில் அதிகம் பேர் விழும் குழி இதுதான். (க + 7)² என்றால் க² + 49 என்று எழுதிவிடுவார்கள். ஏன் தப்பு என்று ஒரு படம் வரைந்தால் ஜென்மத்துக்கும் மறக்காது. க + 7 பக்கம் உள்ள ஒரு சதுரம் வரையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் க, 7 என்று இரண்டாகப் பிரித்துக் குறுக்கே கோடு போடுங்கள். உள்ளே நான்கு துண்டுகள் இருக்கும். ஒரு மூலையில் க² சதுரம், எதிர் மூலையில் 49 சதுரம். மிச்சம் இரண்டு செவ்வகம், ஒவ்வொன்றும் 7க. க² + 49 என்று எழுதுகிறவர் அந்த இரண்டு செவ்வகங்களையும் வெட்டித் தூக்கிப் போட்டுவிடுகிறார். சரியான விரிவு க² + 14க + 49. கிரேக்கர் யூக்ளிட் தன் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தில் இதைச் சதுரம், செவ்வகம் வைத்துத்தான் காட்டுகிறார், எழுத்துச் சமன்பாடு எதுவும் இல்லாமல்.

இப்போது ஒரு செங்கோண முக்கோணம். பக்கங்கள் க, க + 7, கர்ணம் க + 8.

க² + (க + 7)² = (க + 8)²
க² + க² + 14க + 49 = க² + 16க + 64
க² − 2க − 15 = 0
(க − 5)(க + 3) = 0

க = 5 அல்லது −3. ஒரு பக்கத்தின் நீளம் −3 ஆக முடியாது, தள்ளிவிடலாம். ஏன் தள்ளினீர்கள் என்பதை ஒரு வரி எழுதிவிடுங்கள். ஆக 5, 12, 13. செவ்வகத் துண்டுகளைத் தூக்கிப் போட்டவருக்கு க² = 15 என்று வரும். அவர் கால்குலேட்டரைத் தட்டி 3.87 என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பார்.

இந்த 5, 12 ஜோடிக்கு ஒரு கதை உண்டு. சுல்ப சூத்திரங்கள் என்று பழைய சமஸ்கிருத நூல்கள் இருக்கின்றன. சுல்பம் என்றால் கயிறு. வேள்வி மேடைகளைக் கயிற்றால் அளந்து கட்டும் முறையைச் சொல்பவை. அவற்றில் பௌதாயனர் பெயரில் உள்ள நூல், செவ்வகத்தின் மூலைவிட்டத்தின்மேல் வரையும் சதுரம், இரண்டு பக்கங்களின் மேலும் வரையும் சதுரங்கள் சேர்ந்த பரப்பைத் தரும் என்கிறது. கூடவே இதைப் பார்க்கக்கூடிய பக்கங்களாக 3-4, 12-5, 15-8, 7-24, 12-35, 15-36 என்று ஒரு பட்டியலும் தருகிறது. சமய வகுப்பில் இதைச் சொன்னால் எல்லாரும் கை தட்டுவார்கள். கை தட்டிவிட்டு, அந்த ஆறு ஜோடிக்கும் கர்ணம் கண்டுபிடியுங்கள். கால்குலேட்டர் இல்லாமல். ஆறும் முழு எண்ணாக வரும்.

இனி அச்சுத்தூரம். ஆண்டு 6-லேயே பார்த்த விஷயம்தான், இப்போது குறை எண்கள் அதிகமாகச் சேர்ந்துகொள்கின்றன. (−3, 2), (5, −4) இரண்டு புள்ளிக்கும் இடையில் தூரம் எவ்வளவு? கிடையாக 5 − (−3) = 8. செங்குத்தாக −4 − 2 = −6. வர்க்கம் 64, 36. கூட்டினால் 100, தூரம் 10. அவசரத்தில் 5 − 3 = 2 என்று போட்டால் √40 வந்துவிடும். குறை எண்ணைப் போடும்போதெல்லாம் அடைப்புக்குறி போடுங்கள். கால்குலேட்டரிலும்தான். −6-ஐ அடைப்பில்லாமல் அடித்து வர்க்கம் அழுத்தினால் அது −36 என்று காட்டும். இயந்திரத்தின்மேல் தப்பில்லை, நாம் கேட்டது அதைத்தான்.

செங்குத்துக் கோடுகளின் சரிவும் அதே கதைதான். ஒரு கோட்டின் சரிவு 2/3 என்றால் அதற்குச் செங்குத்தான கோட்டுக்கு −3/2. தலைகீழாகப் புரட்டுவது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், குறி மாற்றுவது ஞாபகம் இருக்காது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், −1 வர வேண்டும்.

இரண்டு கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று கேட்டால், அது ஒருங்கமை சமன்பாடு, பள்ளியில் 'பெர்சமாஆன் செரெந்தாக்' என்று படித்தீர்களே, அதுதான். ச = 2க − 1, க + ச = 8. முதலாவதை இரண்டாவதில் போட்டால் 3க − 1 = 8, க = 3, ச = 5. வெட்டும் புள்ளி (3, 5). வேறு புதிதாக ஒன்றும் இல்லை.

விகிதத்துக்கு ஒரு வெளிக்கணக்கு. பத்துமலை முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். ஒரு மதிய வெயிலில் 1.6 மீட்டர் உயரமுள்ள உங்கள் நிழல் 1.2 மீட்டர் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில் சமதரையில் சிலையின் நிழல் எவ்வளவு நீளம் விழ வேண்டும்? சூரியன் ஒன்றுதான், அதனால் இரண்டு முக்கோணமும் வடிவொத்தவை. நிழலுக்கு மேல் உயரம் என்று ஒரு பக்கம் எழுதினால், மறுபக்கமும் நிழலுக்கு மேல் உயரம் என்றே எழுத வேண்டும்.

42.7 / க = 1.6 / 1.2
1.6 க = 42.7 × 1.2 = 51.24
க = 32.025

சுமார் 32 மீட்டர். ஒரு பக்கத்தைத் தலைகீழாக எழுதியவருக்குக் கிட்டத்தட்ட 57 மீட்டர் வரும். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும்போது, முருகன் நிழல் மட்டும் அவரைவிட நீளமாக எப்படி விழும்? எழுதும் முன்னால் விடை பெரிதா சிறிதா என்று ஊகித்துக்கொள்ளும் பழக்கம் இங்கேதான் கைகொடுக்கும்.

எப்படி மீள்பார்வை செய்வது? புதிய பயிற்சிப் புத்தகம் வாங்க ஓட வேண்டாம். உங்கள் பழைய சோதனைத் தாள்களை எடுங்கள். மார்க்கைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு தப்பிலும் எந்த வரியில் கவிழ்ந்தது என்று மட்டும் பார்த்து, பக்கத்தில் 'குறி', 'அடைப்பு', 'வர்க்கம்', 'விகிதம்', 'வடிவியல்' என்று ஒரே ஒரு சொல் எழுதுங்கள். ரெண்டு மூணு தாளிலேயே உங்கள் வியாதி எது என்று தெரிந்துவிடும். அதை மட்டும் தினமும் பத்துக் கணக்கு, இரண்டு வாரம். எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கிறேன் என்று உட்கார்ந்தவர்கள் மூன்றாவது நாளே தூங்கிவிட்டதைத்தான் நான் பார்த்திருக்கிறேன், என்னையும் சேர்த்து.

கூடுதல் கணிதம் எல்லாருக்கும் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிடிக்காமல், வேறு நல்ல திட்டத்தோடு விடுகிறவர்கள் விடட்டும். ஆனால் பல பொறியியல் படிப்புகளில் அதைக் கேட்பார்கள். இந்தத் தம்பிக்கோ மெக்கானிக்கல் படிக்க ஆசை. கழித்தல் குறிக்காக அந்தக் கதவைச் சாத்தலாமா?

அவன் இன்னும் விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டோடு வந்தான். பௌதாயனரின் ஆறு ஜோடியும் போட்டிருந்தான். ஐந்து சரி. 12-35க்கு மட்டும் கர்ணம் 47 என்று எழுதியிருந்தான், வர்க்கம் எடுக்காமல் நேராகக் கூட்டிவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. முக்கோணத்தை வரைந்து 47-ஐ அதில் எழுதச் சொன்னேன். ரெண்டு பக்கத்தையும் கூட்டினதும் அதேதானே வருது என்று கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தான். "அண்ணே, அப்படின்னா முக்கோணமே நிக்காது, படுத்துடும்" என்று சொல்லிவிட்டு அழிப்பானைத் தேட ஆரம்பித்தான்.