கிடங்கு வாசல் தானியங்கித் தடுப்பு: பழுது பார்ப்பதும் கழற்றிக் கழிப்பதும்



கிடங்கு வாசலில் சங்கிலி கட்டி ஆள் நிறுத்திய காலம் போய், பொத்தானை அழுத்தினால் ஏறி இறங்கும் தானியங்கித் தடுப்பு வந்துவிட்டது. மொத்த வியாபாரக் கிடங்குகளிலும், பலர் சேர்ந்து லோடு இறக்கும் வளாகங்களிலும் இதைக் காண்கிறோம். வாங்கும்போது விலையையும் உத்தரவாதத்தையும் கேட்கிறோம். பழுதானால் யார் கை வைப்பது, பழசானால் எப்படிக் கழற்றுவது என்று கேட்பதில்லை. ஆபத்து இருப்பதோ அந்த இரண்டு வேளைகளில்தான்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இங்கே சொல்வது நம் சொந்த வாசலில் உள்ள தடுப்புக்கு மட்டுமே. வில்லியனூர் வழியாகப் போகும் விழுப்புரம் – புதுச்சேரி ரயில் பாதையின் கேட்டுகளை நாம் தொடக்கூடாது. மூடிய ரயில்வே கேட்டை அனுமதியின்றித் திறந்தால், 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 160ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. உடைத்தால் 5 ஆண்டு வரை.

தராசுப் பாடம்

நீளமான கம்பத்தைச் சிறிய மோட்டார் எப்படித் தூக்குகிறது? பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங்தான் பாரத்தைத் தாங்குகிறது. நம் கைத்தராசை நினைத்துப் பாருங்கள். ஒரு தட்டில் கம்பம் என்றால் மறு தட்டில் ஸ்பிரிங். சரக்குத் தட்டைச் சட்டென்று காலி செய்தால் படிக்கல் தட்டு தடாலென்று இறங்கும் அல்லவா? அதுபோலத்தான், ஸ்பிரிங் முறுக்கேறி நிற்கும்போது கம்பத்தை மட்டும் கழற்றினாலோ, லாரி இடித்துக் கம்பம் முறிந்தாலோ, மிஞ்சிய பாகம் வேகமாகத் தெறித்து மேலே கிளம்பும். குனிந்து நிற்பவரின் முகத்தையும் கையையும் அது பதம் பார்த்துவிடும்.

பழுதும் காரணமும்

1. அசைவே இல்லை: கரண்ட் வருகிறதா, எம்.சி.பி. விழுந்திருக்கிறதா, ரிமோட் பேட்டரி தீர்ந்ததா என்று பார்க்கவும்.

2. மோட்டார் உறுமுகிறது, கம்பம் நகரவில்லை: கெப்பாசிட்டர் பலவீனம், அல்லது கியர் இறுகியிருக்கலாம். உடனே அணைக்கவும், விட்டால் மோட்டார் சுற்று எரிந்துபோகும். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் அதை எலக்ட்ரீஷியனே தொடவேண்டும்.

3. ஏறுகிறது, இறங்க மறுக்கிறது: சென்சார் கண்ணாடியில் மாவுத்தூசியோ சிலந்தி வலையோ இருக்கலாம். உலர்ந்த துணியால் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகும். தரையில் புதைத்த கம்பிச் சுருள் அறுந்திருந்தாலும் இப்படி ஆகும்.

4. வண்டி நிற்கும்போதே இறங்குகிறது: இதுவே மிக மோசமான பழுது. சென்சார் சரியாகும் வரை மின்சாரத்தை நிறுத்தி, கம்பத்தைத் தூக்கிப் பூட்டிவிட்டு, பழையபடி சங்கிலியே கட்டுங்கள். ஒரு நாள் சிரமம் ஒரு சுமைதூக்கும் தொழிலாளியின் தலையைவிடப் பெரிதல்ல.

5. ஸ்பிரிங் தளர்ந்ததா என்று அறிய: மின்சாரத்தை நிறுத்தி, கைச்சாவியால் மோட்டாரின் பிடியை விடுவித்து, கம்பத்தைப் பாதி உயரத்தில் பிடித்து மெல்ல விட்டுப் பாருங்கள். அங்கேயே நின்றால் சரி. விழுந்தாலோ எகிறினாலோ மெக்கானிக்கை அழையுங்கள்.

வெள்ளம் புகுந்தால்

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ. மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை நீரால் தென்பெண்ணை பெருகி, பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. தடுப்பின் பெட்டி தரையிலேயே நிற்பது. வெள்ளம் வந்தால் முதலில் நனைவது அதுதான். ஆகவே மழை எச்சரிக்கை வந்தவுடன் மின்சாரத்தை நிறுத்திக் கம்பத்தைத் தூக்கிப் பூட்டவும். தண்ணீர் புகுந்த பெட்டியை, வெளியே காய்ந்துவிட்டது என்று நம்பி ஓட்டிப் பார்க்கக் கூடாது. எலக்ட்ரீஷியன் மின்கசிவைச் சோதித்த பிறகே இணைப்புக் கொடுக்க வேண்டும்.

கழற்றும் முறை

பெரும்பாலான தடுப்புகளில் கம்பம் படுத்திருக்கும்போது ஸ்பிரிங் இறுகியும், செங்குத்தாக நிற்கும்போது தளர்ந்தும் இருக்கும். உங்களுடையது எப்படி என்று கம்பெனிப் புத்தகத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வரிசை இதுதான்: மெயினில் மின்சாரத்தை நிறுத்துதல், கம்பத்தை நிமிர்த்திக் கயிறு கட்டிப் பிடித்தல், ஸ்பிரிங்கை முழுதும் தளர்த்துதல், அதன் பிறகே கம்பம், கடைசியில் பெட்டி. இருவராவது வேண்டும். தரையில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டுகளை அறுத்து, வயர் முனையை மூடிவிடுங்கள். இரவில் சைக்கிளில் வருபவரை அவை கவிழ்த்துவிடும்.

காயலான் கடைக்குப் போகுமுன்

மொத்தமாக எடைக்குப் போடாதீர்கள், மூன்றாகப் பிரியுங்கள். இரும்பும் அலுமினியமும் பழைய இரும்புக் கடைக்கு. சர்க்யூட் போர்டு, சென்சார், ரிமோட் ஆகியவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு. 2023 ஏப்ரல் 1 முதல் மின்னணுக் கழிவு விதிகள், 2022 அமலில் உள்ளன. பதிவு பெற்றவர் யார் என்று புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவில் விசாரிக்கலாம். கரண்ட் போனால் ஓட்ட வைத்திருக்கும் பேட்டரியைத் தனியே பேட்டரி விற்பவரிடம் கொடுங்கள்; ஈயமும் அமிலமும் கொண்ட அதைக் கிடங்கு மூலையில் அரிசி மூட்டை பக்கத்தில் போட்டு வைக்கக் கூடாது.

கணக்கையும் மறவாதீர்கள். வாங்கியபோது உள்ளீட்டு வரி எடுத்திருந்தால், விற்கும்போது ஜி.எஸ்.டி. சட்டம் 18(6) பிரிவின்படி வரிப் பொறுப்பு உண்டு. பில் போட்டு விற்று, தொகையை ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

சரக்கைக் காக்க வாங்கிய பொருள் ஆளை அடிக்கலாகாது. இந்தப் பக்கத்தை உங்கள் கிடங்கு மேஸ்திரிக்கும் படித்துக் காட்டுங்கள். கம்பத்தின் அடியில் தினமும் நிற்பவர் அவர்தான்.