செங்குன்றூரில் எழுந்த வினா

துன்பம் வந்துற்ற காலத்து, "இறைவா, எனக்கு ஏன் இது?" என்னும் வினா எழாத நெஞ்சம் இல்லை. மழை பொய்த்துக் கிணறு வறண்ட உழவரும், தறி ஓடாமல் கடனில் தவிக்கும் குடும்பத்தாரும், பிணியுற்ற பிள்ளையின் அருகே விழித்திருக்கும் தாயும் அவ்வினாவைச் சுமந்தே திருக்கோயில் வாயிலை அடைகின்றனர். ஆயினும், அதனைச் சந்நிதியில் கேட்பது அபசாரமாகுமோ என அஞ்சி வாய்மூடித் திரும்புவோர் பலர். இவ்வச்சத்திற்குத் திருமுறை விடை பகர்கின்றது. அவ்விடை பிறந்த தலம், அம்மையப்பர் ஓருருவாய் மாதொருபாகராக எழுந்தருளியிருக்கும் திருச்செங்கோடு.

கொடிமாடச் செங்குன்றூர் என்பது இத்தலத்தின் பழம்பெயர். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தப் பெருமான் கொங்கு நாட்டிற்கு எழுந்தருளினார். செங்குன்றூரை வழிபட்டு, பவானியாகிய திருநணாவையும் பணிந்து, மீண்டும் இங்கு வந்து தங்கியிருந்தார். அப்போது பனிக்காலம். உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. "இப்பருவத்தில் இந்நோய் வருவது இந்நாட்டின் இயல்பு" என்றனர் உள்ளூரார். இயல்பாயினும் அது அடியார்களை அணுகலாகாது என்று துணிந்த பிள்ளையார், திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டுப் பதிகம் அருளிச்செய்தார். அன்றே சுரம் அடியார்களை மட்டுமன்றி, அந்நாட்டையே விட்டு நீங்கிற்று என்பது சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் கூறும் செய்தி.

முதல் திருமுறையில் உள்ள அப்பதிகத்தில் இரு வினாக்கள் சிந்திக்கத்தக்கன. முதலாவது, மக்களை நோக்கியது. முன்செய்த வினையின் பயன் இது என்று சொல்லிக்கொண்டு, உய்யும் வழியை நாடாதிருத்தல் குறையன்றோ என்று பிள்ளையார் கேட்கின்றார். சோலை வளர்த்தலும் குளம் தோண்டுதலும் ஆகிய நற்பணிகளும் அப்பதிகத்தில் பேசப்படுகின்றன. ஆதலின், விதி என்று சோர்ந்து அமர்வது சைவநெறி ஆகாது. நோய்க்கு மருந்து உண்பதும், வறட்சிக்கு ஏரியைத் தூர்வாருவதும் உய்யும் வழியை நாடுதலே ஆகும்.

இரண்டாவது வினா இறைவனையே நோக்கியது. ஆட்கொள்ளும் வல்லமை உடையவர், ஆட்கொண்ட பின் அடியாரின் குறையைக் கேளாதிருப்பது உமக்குத் தகுமோ என்பது அதன் கருத்து. வினா கடுமையானதே. எனினும் அடுத்த சொல்லிலேயே திருவடியை அடைந்தோம் என்னும் அடைக்கலமும் உண்டு. அயலாரிடம் எவரும் இவ்வாறு கேட்பதில்லை. தந்தையிடமே பிள்ளை உரிமையோடு கேட்கும். பிறர் உய்ய நஞ்சினைத் தன் கண்டத்தில் ஏற்றவன், அடியாரின் கசந்த சொல்லையும் ஏற்பான்.

"குற்றமற்ற பிள்ளையார் கேட்கலாம்; பிழைசெய்தவர் கேட்கலாமோ?" எனின், சுந்தரமூர்த்தி நாயனார் வரலாறு அதற்கு விடையாகும். சங்கிலியார்க்குக் கொடுத்த சூளுறவை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்ததால் அவர் பார்வை இழந்தார். பிழை தம்முடையதே என அறிந்திருந்தும் தலந்தோறும் சென்று முறையிட்டார். திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஊன்றுகோல் மட்டுமே. காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. திருவாரூரில் ஊடியும் இடித்துரைத்தும் பாடிய பின்னரே மற்றொரு கண் கிடைத்தது. கேட்டவுடன் கிடைக்கவில்லை, எனினும் அவர் கேட்பதையும் விடவில்லை, நடப்பதையும் விடவில்லை.

செங்குன்றூரில் சுரம் அன்றே நீங்கிற்று. சுந்தரர்க்கோ நாள்கள் சென்றன. விடை வரும் காலம் இறைவன் திருவுளம். வினாவை மறைக்காமல் திருமுன் வைப்பது அடியாரின் உரிமை. மலையேறி வரும் அன்பர்கள் மலரும் விளக்கும் கொணர்வதுபோல், மனத்தில் அடைத்துவைத்த வினாவையும் மாதொருபாகர் திருமுன் வைக்கலாம். பின்பு, உய்யும் வழியில் ஓர் அடி எடுத்துவைத்தல் வேண்டும். ஊன்றுகோலாக வந்தாலும் அதுவும் திருவருளே.

திருச்சிற்றம்பலம்.