தீவில் ஓர் உயர்நிலைப்பள்ளி

ஜப்பானின் பெருநிலத்திலிருந்து கப்பலில் ஏறினால் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் ஓக்கி தீவுகளைச் சென்றடையலாம். குளிர்காலத்தில் கடல் கொந்தளித்தால் அந்தக் கப்பலும் வராது. அத்தீவுக் கூட்டத்திலுள்ள ஒரு சிற்றூர் அமா. 1950இல் அங்கு ஏறக்குறைய 7,000 பேர் வாழ்ந்தனர். 2005இல் எஞ்சியோர் 2,600க்கும் குறைவு.

தீவுகள் பின்தங்குவதற்கு மக்களின் சோம்பல் காரணமன்று. எரிபொருள் முதல் சிமெண்டு வரை எல்லாவற்றின் விலையோடும் கப்பல் கட்டணம் சேர்ந்துகொள்கிறது. பிடித்த மீன் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் அதன் விலை குறைந்துவிடுகிறது. இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கவே ஜப்பான் 1953இல் தீவு மேம்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. துறைமுகம், சாலை போன்ற பணிகளின் செலவில், பெருநிலத்தில் ஏற்பதைவிடக் கூடுதலான பங்கை அரசாங்கம் தீவுகளுக்காக ஏற்றது. பத்தாண்டுகளில் முடிய வேண்டிய அச்சட்டம் ஒவ்வொரு முறையும் நீட்டிக்கப்பட்டது.

துறைமுகங்கள் எழுந்தன. ஆனால், இளையர்கள் அதே துறைமுகத்தில் கப்பலேறி வெளியேறினர். பணிகளுக்கான தன் பங்கைச் செலுத்த அமா கடனும் வாங்கியிருந்தது. 2000களின் தொடக்கத்தில் அக்கடன் ஏறக்குறைய 10 பில்லியன் யென். கைக்குழந்தை முதல் முதியவர் வரை பங்கிட்டால் ஆளுக்கு ஏறத்தாழ 4 மில்லியன் யென்!

2002இல் மேயரான யமாவுச்சி மிச்சியோ, 2005இல் தம் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். ஊழியர்களின் சம்பளமும் குறைந்தது. மிச்சப்பட்ட பணம் குழந்தை வளர்ப்பு உதவிக்கும் ஊரை மீட்கும் முயற்சிகளுக்கும் சென்றது. மீனையும் கணவாயையும் சுவை கெடாமல் உறைய வைக்கும் நிலையம் ஒன்றும் அமைந்தது. தோக்கியோ சந்தை அமாவுக்கு எட்டியது.

எனினும், பெரிய ஆபத்து வேறோர் இடத்தில் இருந்தது. அமாவிலுள்ள ஓக்கி டோசென் உயர்நிலைப்பள்ளியே மூன்று தீவுகளுக்கும் பொதுவானது. 2008இல் அதன் மாணவர்கள் ஏறக்குறைய 90 பேர்தான். அது மூடப்பட்டால், பிள்ளைகள் பதினைந்து வயதிலேயே வீட்டை விட்டுப் போக வேண்டும். தங்குமிடச் செலவைத் தாங்க முடியாத பெற்றோரும் உடன் கிளம்பிவிடுவர். பிறகு எந்தத் துறைமுகம் யாருக்குப் பயன்படும்?

ஆகவே, மூன்று தீவுகளின் ஊராட்சிகளும் பள்ளிக்குப் பணம் ஒதுக்கின. 2010இல் பொதுப் பணத்தில் ஒரு கற்றல் நிலையம் திறக்கப்பட்டது. பிற மாநில மாணவர்களும் விடுதியில் தங்கிப் படிக்க அழைக்கப்பட்டனர். தீவின் மீன்பிடிப்பு, முதுமை, வேலையின்மை ஆகியவையே பாடப்பொருளாயின. நகரத்துப் பிள்ளைகள் தீவுக்கு வந்து படிப்பது அன்று பலருக்கு விந்தையாகத் தோன்றியிருக்கும். ஆயினும், பத்தாண்டுக்குள் மாணவர் எண்ணிக்கை ஏறக்குறைய இரு மடங்கானது. 2010க்கும் 2015க்கும் இடையில் ஊரின் மக்கள்தொகைச் சரிவும் கிட்டத்தட்ட நின்றது.

அதன்பின் மக்கள்தொகை மீண்டும் சற்றுக் குறைந்தது. வெளியூர் மாணவர்கள் பலர் மூன்றாண்டுப் படிப்பு முடிந்ததும் தீவைவிட்டுப் புறப்படுகின்றனர். தீவு மேம்பாட்டுச் சட்டமோ 2033 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டுள்ளது.