முதலில் பாலம், பிறகு தெரு: சென்னையில் சைக்கிளுக்கு வழி தேடுவது எப்படி?

சென்னையில் அலுவலகத்துக்குச் சைக்கிளில் போக ஆசைப்படுகிறவர் முதல் நாள் என்ன செய்வார்? தினமும் பைக்கிலோ பஸ்ஸிலோ போகிற அதே வழியில் சைக்கிளை விடுவார். அண்ணா சாலையில் இரண்டு பஸ்ஸுக்கு நடுவே மாட்டிக்கொண்டதும், 'இந்த ஊரில் சைக்கிளெல்லாம் சரிப்படாது' என்று முடிவுகட்டி, வண்டியை மாடிப்படிக்கு அடியில் நிறுத்திவிடுவார். பைக்குக்கு வசதியான வழி சைக்கிளுக்கும் வசதியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சைக்கிளுக்கு வழியைத் தனியாகத்தான் தேட வேண்டும். ஒரு வரைபடம், ஒரு பென்சில், ஓரிரு ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் இருந்தால் போதும்.

தூரக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். மேடுபள்ளம் அதிகமில்லாத ஊர் இது. மூச்சு வாங்காமல் மிதித்தாலே மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் போகலாம். எட்டு கிலோமீட்டர் தூரத்துக்கு, சிக்னல்களையும் சேர்த்து, நாற்பது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வழிக்காக ஒரு கிலோமீட்டர் சுற்றினால் கூடுதலாகப் போவது நான்கைந்து நிமிடம்தான். ஆகவே குறுக்குவழி மோகத்தை இங்கேயே விட்டுவிடலாம்.

எதைத் தாண்ட வேண்டும்?

வழி தேடும்போது எல்லாரும் ரோட்டிலிருந்து தொடங்குவார்கள். கொஞ்ச நேரம் ரோடுகளை மறந்துவிட்டு, வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே எதையெல்லாம் தாண்டியாக வேண்டும் என்று பாருங்கள். கூவமும் அடையாறும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. பக்கிங்காம் கால்வாய் கடலோரமாக வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. கடற்கரை–தாம்பரம் ரயில் பாதை நகரத்தை இரண்டாகப் பிளக்கிறது. இவை போதாதென்று நடுத்தடுப்பு வைத்த பெருஞ்சாலைகள். இவற்றுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அமைதியான தெருக்கள் ஏராளம். ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போகும் இடங்கள்தான் குறைவு.

கே.கே. நகரிலிருந்து மயிலாப்பூர் போகிறவரை எடுத்துக்கொள்வோம். ரயில் பாதையைத் தாண்ட அவருக்கு இருப்பது கோடம்பாக்கம் பாலம், துரைசாமி சுரங்கப்பாதை, மேட்லி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள். அப்புறம் அண்ணா சாலை. அதையும் சிக்னல் உள்ள இடத்தில்தான் கடக்க முடியும். அடையாற்றின் தென்கரைக்குப் போகிறவருக்கு அடையாறு திரு.வி.க. பாலம், கோட்டூர்புரம் பாலம், சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலம். (முகத்துவாரத்துப் பக்கம் வரைபடத்தில் ஒரு பாலம் தெரிந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். அது 1977-இல் இடிந்துபோன 'உடைந்த பாலம்'.) இந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். முழு வழியும் இந்த வட்டங்களைச் சுற்றித்தான் அமையும்.

அமெரிக்காவின் சான் ஹோசே நகரத் தெருக்களை ஆராய்ந்து பீட்டர் ஃபர்த் உள்ளிட்ட மூவர் 2012-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். சைக்கிள்காரருக்கு எந்தத் தெரு எவ்வளவு மனஅழுத்தம் தருகிறது என்று நான்கு படிகளாகப் பிரித்தது அது. அந்த ஊரிலும் பெரும்பாலான தெருக்கள் அமைதியானவைதான். ஆனால் பெருஞ்சாலைகள் குறுக்கிட்டு அவற்றைத் தீவுகளாக்கியிருந்தன. அவர்கள் வைத்த அளவுகோல் இதுதான்: ஒரு வழியின் தரம் என்பது அதன் மிக மோசமான இடத்தின் தரம். ஏழு கிலோமீட்டர் வேப்பமர நிழலில் போய்விட்டு நடுவில் இருநூறு மீட்டர் லாரிகளோடு மல்லுக்கட்ட வேண்டுமென்றால், உங்கள் மனதில் நிற்பது அந்த இருநூறு மீட்டர்தான். மறுநாள் காலை சைக்கிளை எடுக்கவிடாமல் தடுப்பதும் அதுதான்.

ஆகவே வட்டமிட்ட ஒவ்வோர் இடத்துக்கும் அலுவலக நேரத்தில் ஒருமுறை நடந்தே போய், ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். சுரங்கப்பாதையென்றால், இறக்கத்தில் வண்டிகள் என்ன வேகத்தில் வருகின்றன, ஓரத்தில் உயர்த்திக் கட்டிய நடைபாதை இருக்கிறதா, ஏற்றத்தில் நீங்கள் மெதுவாகும்போது பின்னால் வருகிறவர் ஒதுங்க இடம் உண்டா என்று கவனியுங்கள். நடைபாதை இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. மேம்பாலமென்றால், ஏறும் இடத்தில் சைக்கிளுக்குத் தடைப்பலகை உண்டா என்று பாருங்கள். பலகை இல்லாவிட்டாலும் மேம்பாலத்தைத் தவிர்ப்பதே என் கட்சி. அடியில் போகும் சர்வீஸ் ரோடு அழுக்காக இருக்கும், ஆனால் அங்கே யாரும் எண்பதில் பறக்க முடியாது.

அண்ணா சாலை போன்றவற்றைக் குறுக்காக நேரே கடக்க வேண்டும். அதில் சேர்ந்து, கொஞ்ச தூரம் போய், வலதுபுறம் திரும்பலாம் என்ற எண்ணமே வேண்டாம். நந்தனத்தில் வெங்கட்நாராயணா சாலைக்கு எதிர்ப்புறம் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் சாலை, அதாவது பழைய சேமியர்ஸ் ரோடு. நேராகப் போக விடுகிறார்களா, இடதுபுறம் திருப்பி யு-டர்ன் அடிக்கச் சொல்கிறார்களா என்பது அந்தந்த மாதத்து மெட்ரோ வேலையைப் பொறுத்தது. யு-டர்ன் என்றால், இறங்கி, நடந்து கடப்பவர்களோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு போய்விடுங்கள்.

தெருக்களைக் கோப்பது

வட்டங்கள் முடிவானால் அவற்றை இணைப்பது சுலபமான வேலை. பெரிய ரோட்டுக்கு இணையாக ஓடும் இரண்டாவது, மூன்றாவது தெருவைத் தேடுங்கள். அண்ணா நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் போலக் கட்டம் கட்டமாக அமைந்த பகுதிகளில் இது கண்ணை மூடிக்கொண்டு கிடைக்கும். மற்ற இடங்களில் முட்டுச்சந்துகள் காலை வாரும்.

கூகுள் மேப்பின் இருசக்கர வாகன வசதி 2017 கடைசியில் இந்தியாவுக்கென்றே வந்தது. ஆனால் அது பைக்குக்கானது, மேம்பாலத்தில் ஏற்றிவிடும். அதே இடங்களுக்கு நடந்து போகும் வழியைக் கேளுங்கள், சந்துகளெல்லாம் வெளியே வரும். படிக்கட்டு வைத்த நடைமேம்பாலத்தையும் வழியென்று காட்டும் என்பதால் அதை அப்படியே நம்பவும் முடியாது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து இயங்கும் ஆஸ்ம்ஆண்ட் செயலியில் சைக்கிளுக்குத் தனி வழி உண்டு, இணையம் இல்லாமலும் ஓடும். மூன்றையும் ஒப்பிட்டால் ஒரு வழி புலப்படும்.

செயலிக்குத் தெரியாதது ஆட்களுக்குத் தெரியும். பேப்பர் போடும் பையன், கேனைக் கட்டிக்கொண்டு டீ விற்பவர், இரவு வேலை முடிந்து திரும்பும் வாட்ச்மேன், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லாரும் வருடக்கணக்காகச் சைக்கிளில் போகிறவர்கள். அவர்கள் எந்தச் சந்தில் நுழைகிறார்கள் என்று பாருங்கள். பஞ்சர் கடைக்காரரிடம், "அண்ணே, இந்தப் பக்கம் சைக்கிள்ல எப்படிப் போறாங்க?" என்று கேட்டால் வரைபடத்தில் இல்லாத வழியைச் சொல்வார். எந்தத் தெருவில் ஆணியும் கண்ணாடியும் அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்வார், அது அவர் பிழைப்பு.

எந்தத் தெரு நல்ல தெரு என்பதில் ஒரு தப்பெண்ணம் உண்டு. அகலமாக, காலியாக இருக்கும் ரோட்டைப் பார்த்ததும் மனம் அங்கே ஓடும். அகலமான காலி ரோட்டில்தான் கார்கள் விரையும். வேகம் இரட்டிப்பானால் மோதலின் விசை இரட்டிப்போடு நிற்பதில்லை. அறுபதில் வரும் வண்டியின் இயக்க ஆற்றல், முப்பதில் வருவதைப் போல நான்கு மடங்கு. ஜார்ஜ் டவுனில் கோவிந்தப்ப நாயக்கன் தெரு மாதிரி தள்ளுவண்டியும் மூட்டையும் ஆட்டோவுமாக நெரியும் தெருவில் எரிச்சல் வரும், தாமதமாகும், ஆனால் அங்கே எவரும் உங்களை வேகமாக வந்து இடிக்க முடியாது. தினமும் போக ஒரு தெருவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் காய்கறிக் கடைகள் நிறைந்த குறுகலான தெருவைத்தான் நான் எடுப்பேன்.

ஞாயிறு ஏமாற்றும்

கோத்த வழியை ஒரு ஞாயிறு காலை ஆறரைக்கு ஓட்டிப் பாருங்கள். அன்றைக்குப் பார்க்க வேண்டியது தரையை மட்டுமே. மழைநீர் வடிகால் கம்பிகள் நீங்கள் போகும் திசையிலேயே நீளமாக இருந்தால் முன்சக்கரம் உள்ளே இறங்கிவிடும். பாதாளச் சாக்கடை மூடி ரோட்டுக்கு மேலே துருத்துகிறதா, கீழே அமுங்கியிருக்கிறதா? வெள்ளைக் கோடு போடாத வேகத்தடைகள் எங்கே? இவற்றை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் கண்ணுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாத் தெருவும் நல்ல தெருவாகத்தான் இருக்கும். எனவே ஒரு வேலை நாளில், நீங்கள் உண்மையில் கிளம்பும் நேரத்தில், இன்னொரு தடவை. எட்டரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் கார்களும் வேன்களும் அடைத்து நிற்கும். அடுத்த தெரு வழியாகப் போனால் அந்த வாசலையே தவிர்த்துவிடலாம். ஷேர் ஆட்டோ இடதுபுறம் எங்கே வேண்டுமானாலும் நிற்கும் என்பதால் அதன் வாலைப் பிடித்துப் போகாதீர்கள். ஓரமாக நிறுத்திய கார்களிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிப் போக இடமுண்டா என்று பாருங்கள், கதவு எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. மாலையில் திரும்பும்போது டாஸ்மாக் கடை உள்ள தெரு வேறு முகம் காட்டும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் திரும்புகிறவர் தெருவிளக்கையும் நாய்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நாய் துரத்தினால் மிதித்துத் தப்பப் பார்க்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடப்பது மேல்.

போகிற வழியே திரும்பும் வழியாக இருக்க வேண்டியதில்லை. நாம் இடதுபுறம் போகிறவர்கள், எனவே இடது திருப்பம் சுலபம், வலது திருப்பம் தொல்லை. காலையில் இடதாக இருந்தது மாலையில் வலதாகிவிடும். திரும்புவதற்குத் தனி வழி வரைந்து, அதிலும் வலது திருப்பங்களைச் சின்னத் தெருக்களுக்குள் தள்ளிவிடுங்கள். தவிர்க்கவே முடியாத பெரிய சந்திப்பில், பச்சைக்கு நேராகப் போய் எதிர் மூலையில் நின்று, அங்கே வண்டியைத் திருப்பி, அடுத்த பச்சையில் கடந்துவிடலாம். ஒரு சிக்னல் நேரம் கூடுதல், அவ்வளவுதான். ஒருவழித் தெருவில் எதிர்த்திசையில் ஐம்பது மீட்டர் ஓட்டினால் என்ன என்று தோன்றும். தள்ளிக்கொண்டு நடங்கள்.

வெயிலும் காற்றும் மழையும்

மேற்கே குடியிருந்து கிழக்கே வேலைக்குப் போகிறவருக்குக் காலையும் மாலையும் வெயில் முகத்தில் அடிக்கும். பின்னால் வரும் ஓட்டுநருக்கும் கண் கூசும் என்பதுதான் பெரிய கவலை. மரமும் கட்டடமும் நிழல் தரும் குறுகிய தெருக்கள் அவருக்கு அவசியம். இதற்கு ஈடாக இயற்கை ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. ஜூன், ஜூலையில் காலைக்காற்று மேற்கிலிருந்து வீசி அவரைத் தள்ளிவிடும்; பிற்பகலில் கடற்காற்று ஏறினால் அதுவும் வீட்டுப் பக்கமே தள்ளும். கடலோரம் குடியிருந்து கிண்டிப் பக்கம் வேலைக்குப் போகிறவருக்கு நிலைமை நேர்மாறு: வெயில் முதுகில், காற்று முகத்தில். அவர் வெட்டவெளி ரோட்டையும் பாலத்து மேட்டையும் தவிர்த்து, வீடுகள் நெருங்கிய தெருக்களில் போனால் பாதி உழைப்பு மிச்சம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றால் அடைத்துவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு தடைக்கும் இரண்டு கடக்கும் இடங்களை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள், அதில் ஒன்றாவது பாலமாக இருக்கட்டும். தேங்கிய தண்ணீருக்குள் ஓட்டாதீர்கள். அடியில் மூடி திறந்திருக்கிறதா என்பது தெரியாது. ஞாயிறு அன்று குறித்த குழிகளும் மழைக்குப் பிறகு இடம் மாறியிருக்கும்.

மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மூன்று தடங்களும் சேர்ந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் நீள்கின்றன. பனகல் பார்க், மயிலாப்பூர், பழைய மகாபலிபுரம் சாலை என்று தகரத் தடுப்புகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. தடுப்பு வந்ததும் பெரிய ரோட்டு வண்டிகள் உங்கள் அமைதியான தெருவுக்குள் திரும்பிவிடும். அப்போது முழு வழியையும் மாற்ற வேண்டாம். கடக்கும் இடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் ஒரு தெரு தள்ளிப் பாருங்கள். கடக்கும் இடமே கெட்டுப்போனால்தான் மறுபடி பென்சிலை எடுக்க வேண்டியிருக்கும்.